நாற்பத்தெட்டு நாள் நின்றவர்

வருடா வருடம் பங்குனியில் என் மனைவி புதுப்புளி வாங்கி வந்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்து வைப்பாள். அன்றைக்கு மட்டும் நான் வீட்டில் தங்குவதில்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவேன். முறத்தில் கொட்டை விழுகிற சத்தம் எனக்கு ஆகாது. அது அவருடைய சட்டைப் பைக்குள்ளிருந்து வருகிற சத்தம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் சம்சாரம் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். தவிரவும், அவர் பெயரை என் கையால் எழுதுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி போடுகிற ஒரு கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் பர்மனென்ட். பழுக்கக் காய்ந்த கம்பி பாம்பு மாதிரி ஓடி வரும், அதை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். ஒரே செட், ஒரே ஷிப்ட். அவர் என்னைவிட மூன்று வயது பெரியவர். நான் அண்ணா என்பேன். அவர் என்னை நைனா என்பார். அவருக்குச் சின்னவன் பெரியவன் எல்லாருமே நைனாதான். ஆந்திரா எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்.

எல்லாரும் ஒரு பை வைத்த சட்டை போடுவோம். அவர் மட்டும் டெய்லரிடம் சொல்லி இரண்டு பை வைத்துக்கொள்வார். இடது பையில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை இருக்கும். வேலை விட்டதும் ஏதாவது ஒரு ரோட்டில், ஒரு முக்கில் போய் நின்றுகொள்வார். இங்கே ஒரு கடை போட்டால் ஓடுமா என்று பார்க்கிறாராம். வாங்குகிற மாதிரி பத்துப் பேர் கடந்து போனால் ஒரு கொட்டை இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். எல்லாரையும் எண்ண மாட்டார்.

"கையில டிபன் பாக்ஸ் தூக்கினு போறவன் கணக்குல வரமாட்டான் நைனா. அவன் பொண்டாட்டி கட்டிக் குடுத்துட்டா. வெறுங்கையோட போறான் பாரு, அவன்தான் நம்ம ஆளு."

கடை வைக்க வேண்டும் என்பது இந்தப் பேட்டையில் பாதிப் பேர் பேசுகிற பேச்சுதான். சம்பளம் வாங்குகிற அன்றைக்குப் பேசுவோம், நாலு நாளில் மறந்துவிடுவோம். அவர் மறக்கவில்லை. நானறிய ஒன்பது வருடம் நின்றார். புதுவாயல் கூட்டு ரோட்டில் நின்றிருக்கிறார். பொன்னேரி பஸ் நிலையத்தில் நின்றிருக்கிறார். கவரைப்பேட்டை ரயில் கேட் அருகில் மழையில் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன்.

"இன்னாண்ணா, பைத்தியக்காரன் மாதிரி நிக்கிறியே!"

"கடவுளே நின்னுக்கினுதான் நைனா வரம் குடுக்குறாரு. உக்காந்து யோசிக்கிறவனுக்கு அவன் ஆசை மட்டும்தான் தெரியும். நின்னு பாக்குறவனுக்குத்தான் ரோடு தெரியும்."

நான் அதிகம் படிக்காதவன். ஒன்பதாவதோடு சரி. ஆனால் விடிந்தால் நெற்றியில் திருநீறு இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அதனால் அவர் கடவுளை இழுத்துப் பேசியதும் எனக்கு அதற்குமேல் கேலி பேச வரவில்லை.

ஒரு விஷயத்தில் அவர் கண் தப்பவே தப்பாது. அடுத்தவர்களுக்கு அவர் சொன்னதெல்லாம் பலித்தது. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இறங்குகிற பிள்ளைகள் ரப்பர் செருப்போடு வருவார்கள். பாதுகாப்பு ஷூ இல்லாமல் கேட்டில் உள்ளே விட மாட்டார்கள். முதல் நாளே திரும்பிப் போவார்கள். அதை அவர் நின்று பார்த்துவிட்டு, வேலையில்லாமல் இருந்த ஒருவரிடம் சொன்னார்: "பழைய ஷூவ வாங்கித் தொடைச்சு கேட்டுக்கு எதுத்தாப்ல பரப்பி வை." அந்த ஆள் இன்றைக்கு மாடி வீடு கட்டிவிட்டார். புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவிடம், "நல்லெண்ணெய வுட்டுட்டு கடுகெண்ணெய்ல உருளைக்கெழங்கு தாளிச்சுப் பாரும்மா, அந்தப் பசங்க அளுதுடுவானுங்க" என்றார். அந்த அம்மா இப்போது மூன்று பேரை வைத்துச் சமைக்கிறார்.

"அப்ப நீயே செய்யறதுதானேண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னும் எனக்குன்னு ஒரு எடம் காட்டல நைனா அவரு."

அவர் என்று சொன்னது முருகனை. அவருடைய ஆசை என்ன என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பணத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அவருடைய அப்பா ஒரு பெரிய பண்ணையில் ஏர் ஓட்டியவர். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போக மூன்று நாள் அந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாராம். கல்யாணம் முடிந்த பிறகுதான் போக விட்டார்களாம்.

"எங்கப்பன் வாசல்ல நின்னாரு, நான் சூப்பர்வைசர் ரூம் வாசல்ல நிக்கறேன். நமக்குன்னு ஒரு கடை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஷட்டர எறக்கிட்டு, 'இன்று விடுமுறை'ன்னு நானே ஒரு அட்டைய எளுதி மாட்டணும். யாரையும் கேக்காம."

அந்த அட்டையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். சிவப்பு எழுத்து, நூல் கட்டித் தயாராக. பீரோவுக்கு மேலே இருந்ததை அண்ணி எடுத்து என்னிடம் காட்டிச் சிரித்தார்கள். "கடையே வெக்கல, அதுக்குள்ள லீவு உட்டுட்டாரு பாருங்க."

நாற்பத்தெட்டு நாள் என்கிற கணக்கு சிறுவாபுரியில் பிறந்தது. அங்கே முருகன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை ஆறு வாரம் வந்தால் சொந்த வீடு அமையும் என்று ஜனம் திரளும். ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நகையை வைத்துப் பெரிய ஓட்டல் போட்டார். புதன்கிழமை காக்கைகூட வரவில்லை. இவர் அதைப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டார். "ஒருநாள் கூட்டத்த நம்பி எறங்குனான் பாரு. ஒரு மண்டலமாவது நின்னு பாத்துருக்கணும்" என்றார். அதிலிருந்து எந்த இடத்தையும் நாற்பத்தெட்டு நாள் நின்று பார்க்காமல் முடிவு செய்வதில்லை என்று வைத்துக்கொண்டார். அதை விரதம் மாதிரியே இருந்தார். குளித்து, திருநீறு பூசித்தான் போய் நிற்பார். நிற்கிற நேரத்தில் யாரோடும் பேச மாட்டார். யாரையும் எதுவும் கேட்க மாட்டார்.

"கேட்டா கெட்டோம் நைனா. கடைக்காரன கேட்டா பயமுறுத்துவான். எடத்துக்காரன கேட்டா ஆசை காட்டுவான். கண்ணுதான் பொய் சொல்லாது."

ஒரு தடவை தனியாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இலவசப் பயிற்சி என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு, பஸ் மாறி மாறித் திருவள்ளூர் போனார். என்னையும் கூட்டிப் போனார். ஒரு பைலும் பேனாவும் கொடுத்தார்கள். மத்தியானம் சாம்பார் சாதம். கோட்டுப் போட்ட ஒரு தம்பி எல்லாரையும் எழுப்பி எழுப்பி, "உங்கள் கனவு என்ன?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

இவர் முறை வந்தது. "கனவு கெடக்கட்டும் சார். கடைக்கு முன்னாடி எத்தினி பேரு போறான்னு பாக்கறதுக்கு உங்ககிட்ட ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. நான் கொட்டைய வெச்சு எண்றேன்."

அறையே சிரித்தது. அந்தத் தம்பியும் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பைலால் விசிறிக்கொண்டே, "நல்ல அட்டை நைனா" என்றார். அவ்வளவுதான்.

அதற்கு மறுவருடம் அவருக்கு இடம் காட்டிவிட்டது. அத்திப்பட்டில்.

அங்கே கடலோரம் பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. அதற்குப் போகிற ரோட்டில் ஓடு போட்ட ஒரு பழைய கடை காலியாக இருந்தது. அவர் ஷிப்ட் முடிந்து மின்சார ரயிலைப் பிடித்துப் போய், எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நிற்க ஆரம்பித்தார். முதல் வாரம் முடிந்து கம்பெனிக்கு வந்தவருக்கு முகமே வேறாக இருந்தது.

"நைனா, கொட்டை பத்தல! வெறுங்கையா போறானுங்க, நூறு நூறா. வெல்டரு, பிட்டரு, சாரம் கட்றவன். எல்லாம் வெளியூரு ஆளுங்க. ஒருத்தன் கையிலயும் டிபன் பாக்ஸ் இல்ல. நாஷ்டாவுக்கு ஒரே ஒரு டீக்கடை. பன்னுக்கு அடிச்சிக்கிறானுங்க."

நாற்பத்தெட்டு நாளும் நின்றார். ஒரு நாள்கூடக் கூட்டம் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே கூட்டம். நாற்பத்தெட்டாம் நாள் நேராகச் சிறுவாபுரி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். கடையைப் பேசி முடித்தார். வெள்ளிக்கிழமை காலை பூஜை, அன்றைக்கே பால் காய்ச்சிக் கடை திறப்பு, மத்தியானம் கம்பெனிக்குப் போய் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது என்று ஏற்பாடு. கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்துக் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம்.

பூஜைக்கு நானும் என் மனைவியும் போனோம். என் மனைவியின் தம்பியும் வந்திருந்தான். அவன் அந்த மின் நிலையத்திலேயே ஒரு காண்ட்ராக்டரிடம் சாரம் கட்டுகிறவன். வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் தொங்கவிட்டு, அண்ணி புதுப் பாத்திரத்தில் பாலை அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். அவர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, புது வேட்டியில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

"நைனா, தேங்காய நீ உடை. உன் கை சுத்தமான கை. உனக்கு ஒரு நாளும் அளுகல் வராது."

நான் தேங்காயை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். மச்சான் என் காதருகே வந்தான்.

"மாமா, யாரு மாமா இவருக்கு இந்த எடத்த சொன்னது?"

"அவரே நாப்பத்தெட்டு நாள் நின்னு பாத்தாருடா."

"அய்யய்யோ. இது ஓவராலிங் கூட்டம் மாமா. பாய்லர நிறுத்திட்டு ரிப்பேர் பாக்கறோம். வருஷத்துல ஒருவாட்டி வெளியூரு ஆளுங்கள எறக்குவாங்க. இன்னும் பத்து நாளு. நான்கூட அப்புறம் வேற சைட்டுக்குப் போறேன். அப்புறம் இந்த ரோட்ல நாய்தான் படுத்துக்கினு கெடக்கும்."

அவரைக் கூப்பிடத் திரும்பினேன். ஆனால் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பால் பொங்குகிற நேரம். ஒரு நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாக ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வந்த பழக்கம். தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்முவோம்.

"வாய மூட்றா. கற்பூரம் எரியுது" என்றேன்.

தேங்காயை உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. பூ வைத்திருந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பாத்தியா நைனா!" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூஜை முடிந்ததும் சொல்லியிருக்கலாம். கடையைப் பத்து நாள் நடத்திவிட்டு மூடினால் போகிறது, வேலையை மட்டும் விடாமல் இருந்தால் போதும். கடிதம் இன்னும் அவர் பையில்தான் இருந்தது. என் பைக்கில்தான் பின்னால் உட்கார்ந்து கம்பெனிக்கு வந்தார். வழியில் ரயில் கேட் போட்டிருந்தார்கள். ஒரு சரக்கு ரயில், பிறகு ஒரு எக்ஸ்பிரஸ், மறுபடி ஒரு சரக்கு. இருபது நிமிஷம் வெயிலில் நின்றோம். கடவுள் எனக்காகவே அந்தக் கேட்டைப் போட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். "நாளைக்குக் காலைல ஏ ஷிப்டுக்கு நீ அந்தக் கம்பியப் புடிக்கும்போது, நான் இட்லி குண்டான எறக்கிக்கினு இருப்பேன் நைனா. சூப்பர்வைசர் கிட்ட சொல்லு, அண்ணன் கடைக்கு வந்தா கடன் கெடையாதுன்னு."

நான் "சொல்றேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நல்ல நேரத்தில் வாய் வைக்கக் கூடாது என்பது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். அவர் முதலாளி ஆகிறார், நான் நாளைக்கும் லீவுக்கு வாசலில் நிற்கப் போகிறேன் என்கிற ஒரு சின்னக் கசப்பு என் நெஞ்சில் இருந்தது. திருநீற்றை மேலே பூசிக்கொண்டு உள்ளே அதை வைத்திருந்தேன். கேட் திறந்தது. போனோம். கடிதத்தை மேஜையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். "முடிஞ்சிடுச்சு நைனா" என்றார்.

பத்து நாள் அந்தக் கடையில் நிற்க இடமில்லை. ஒரு நாள் எனக்குத் தட்டு வைத்து நாலு இட்லி போட்டார். ஒன்றைப் பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். "உப்பு கொறையா?" என்று அண்ணி கேட்டார்கள்.

பதினோராம் நாள் மாவு அப்படியே நின்றது. அமாவாசை, ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள் என்றார். மறுநாள் மழை என்றார். அதற்கு அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது ஸ்ட்ரைக்கா நைனா? உன் மச்சான கேட்டுச் சொல்லேன்" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் போகவே இல்லை. கடைசியில் டீக்கடைக்காரர்தான் சொல்லியிருக்கிறார், ஓவராலிங் முடிந்துவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்று.

அதன்பிறகு ஒரு சாயங்காலம் போனேன். ரோட்டில் நிஜமாகவே ஒரு நாய் குறுக்கே படுத்துக் கிடந்தது. அண்ணி சாம்பாரைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பழையபடி எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் போய், தன் கடையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எழுத முடியாது.

"சிறுவாபுரி ஓட்டல்காரன சொன்னேனே நைனா. அவனாவது ஒரு செவ்வாக்கெழமய பாத்து ஏமாந்தான். எனக்கு நாப்பத்தெட்டு நாளும் செவ்வாக்கெழமயா இருந்துருக்கு."

இரண்டு மாதம் கழித்து ஷட்டரை இறக்கினார். அந்தச் சிவப்பு அட்டையை அன்றைக்குத்தான் மாட்டினார். அது வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போகிறவரை அங்கேயே தொங்கியது.

மச்சான் ஊரிலிருந்து வந்தபோது என் மனைவி எதிரிலேயே கேட்டான்: "மாமா, அன்னிக்கு நான் சொன்னத அவருகிட்ட சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்டா. கேக்கல" என்றேன்.

என் மனைவி உச்சுக் கொட்டினாள். "சொன்னா கேக்கறவங்களுக்குத்தான் சொல்லணும்."

கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் நடந்தார். பர்மனென்ட் என்பதே இப்போது கிடையாது, அதிலும் நாற்பது தாண்டியவருக்கு ஏது? காண்ட்ராக்டில் எடுத்துக்கொண்டார்கள். அதே கம்பி, அதே இடுக்கி. எங்களுக்கு நீல ஹெல்மெட், அவர்களுக்கு மஞ்சள். எங்களுக்கு முன் கேட், அவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கேட். ஷிப்டு மாறும்போது அந்தக் கேட்டில் கால் மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். நான் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போகும்போது தலையைக் குனிந்துகொள்வேன். அவர்தான் கூப்பிடுவார்.

"நைனா! இந்தக் கேட்லதான் கூட்டம் ஜாஸ்தி. இங்க ஒரு டீக்கடை போட்டா பிச்சிக்கினு போவும்!"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அவருடைய கை இடது பையிலிருந்து வலது பைக்குப் போவதை நான் பார்த்தேன். அதை விடவே இல்லை.

நான் பயந்துகொண்டே இருந்தேன். என்றைக்காவது தெரிந்துவிடுமே என்று. ஐந்து வருடம் அப்படியே ஓடியது. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது வயதில் மூத்த பர்மனென்டுகளை, வேலையை விட்டுவிடுகிறோம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நானும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் மனைவி புதுவாயலில் ஒரு கடை பார்த்திருந்தாள். காலையில் இட்லி, சாயங்காலம் வேலை முடிந்து வருகிற பெண்களுக்கு அரைத்த மாவு. கடைக்கு எதிரில்தான் கம்பெனி வேன்கள் எல்லாம் ஆள் ஏற்றி இறக்கும். நல்ல இடம். எங்களிடம் இருந்ததெல்லாம் அந்தக் கடைக்குத்தான் போகிறது. பூஜை போட்டு, முன்பணத்தைத் தாம்பூலத் தட்டில் வைத்து இடத்துக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அவரை நான் அழைக்கவில்லை. எந்த முகத்தோடு அழைப்பது?

பால் அடுப்பில் இருக்கிறது. கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. வாசலில் யாரோ செருமுகிற சத்தம். பார்த்தால் அவர். இரவு ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தார். முகமெல்லாம் கரி, அக்குளில் மஞ்சள் ஹெல்மெட். படி ஏறாமல் கீழேயே நின்றார்.

"நைனா, தட்ட குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லண்ணா. வா, உள்ள வா."

"குடுக்காத. நீ எடம் பேசுனன்னு கேள்விப்பட்டு இருபது நாளா எதுக்கால நின்னு பாத்தேன். கூட்டம் நல்லா கீது. ஆனா இந்தவாட்டி நின்னதோட உடல. வாயத் தொறந்து கேட்டேன். வேன் டிரைவருங்க நாலு பேரு ஒரே மாதிரி சொல்றாங்க. வர்ற ஒண்ணாந்தேதியிலேருந்து வண்டி ஒண்ணும் இங்க நிக்காது. ஏத்தறது எறக்கறது எல்லாம் ஸ்டேஷன் பக்கம் போவுது. அப்புறம் இங்க ஆளு வராது நைனா."

இடத்துக்காரர் முகம் போன போக்கிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என் மனைவிக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இன்னாண்ணா இது! கற்பூரம் எரியற நேரத்துல குளிக்காம கொள்ளாம வந்து, வாசல்ல நின்னுக்கினு இப்பிடிப் பேசறீங்களே, நல்லா கீதா உங்களுக்கு? அன்னிக்கு உங்க கடை பூஜைல, இது ஓவராலிங் கூட்டம், பத்து நாள்ல போயிடும்னு எங்க ஊட்டுக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, கேட்டீங்களா? நீங்க கேக்கல, கெட்டீங்க. இப்ப எங்க வயித்துல அடிக்க வந்துட்டீங்களா?"

கையிலிருந்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. பத்துப் பேர் கடந்து போகிற நேரம் இருக்கும். ரயில் கேட்டில் நின்ற அந்த இருபது நிமிஷமும் அவர் கண்ணுக்குள் ஓடியதை நான் பார்த்தேன். அவர் எதையும் ஒருமுறை நின்று பார்த்தால் புரிந்துகொள்கிறவர். புரிந்துகொண்டார்.

பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஆமாந் தங்கச்சி. சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல."

ஹெல்மெட்டை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். "நீயாவது கேளு நைனா" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டார். "அண்ணா, அன்னிக்கு நான்..." என்றேன். "ஊட்டுக்குப் போ நைனா, அடுப்பு அணைஞ்சிடுச்சு பாரு" என்றார். ஆட்டோ நகர்ந்துவிட்டது.

தட்டை நான் கொடுக்கவில்லை. என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒன்றாம் தேதி வேன்கள் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டன. அந்தக் கடையை எடுத்த வேறொருவர் மூன்று மாதத்தில் சாமானைக் கட்டினார். என் மனைவி அன்றைக்குச் சாமி விளக்கின் முன்னால் உட்கார்ந்து, "அந்த அண்ணன் வாயில சக்கரைய போடணும். ஒருநாளு ஊட்டுக்கு கூட்டியாங்க, கால்ல உளுந்து கும்புட்றேன்" என்றாள். இப்போது வாடகையில்லாமல் எங்கள் வீட்டு வாசலிலேயே மாவு அரைத்து விற்கிறோம். சோற்றுக்குக் குறைவில்லை. அது அவர் போட்ட சோறு.

அவரைக் கூட்டி வரவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தையாகக்கூட மனதில் கோத்து வைத்திருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு காலை, காண்ட்ராக்ட் கேட் வரிசையில் நிற்கும்போதே அவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்ப்பதற்குள் சரிந்துவிட்டாராம். பின்னால் நின்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஷிப்டு தொடங்கிவிட்டது, என்ன செய்வார்கள்.

அண்ணி என்னிடம் அவருடைய சட்டையைக் கொடுத்து, குழியில் போடச் சொன்னார்கள். இரண்டு பையிலும் கொட்டை இருந்தது. நான் எண்ணவில்லை.

இப்போதும் செவ்வாய்க்கிழமை தவறாமல் சிறுவாபுரி போகிறேன். கூட்டத்தில் நெருக்கியடித்து உள்ளே போய், நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். நான் தெரிந்தும் சொல்லவில்லை, அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்று. முருகன் நின்றுகொண்டு கேட்கிறார். எல்லாவற்றையும் கேட்கிறார். வெளியே வரும்போது மனசு லேசாகவில்லை. சொல்ல வேண்டியது முருகனிடம் இல்லையே.